இதயத் தராசும் ஐந்து டாரோ சீட்டுகளும்

பண்டைய எகிப்தின் உயிர்ச் சின்னமான ஆங்க்கின் வடிவில், குறி பார்க்கப் பயன்படும் டாரோ சீட்டுகள் ஏழைப் பரப்பும் முறை ஒன்றை நான் முதலில் வகுத்தேன். பார்வைக்கு அழகாக இருந்ததே தவிர, எந்த இடம் எதைக் கேட்கிறது என்பது எனக்கே தெளிவாகாததால், அடுத்தடுத்த இரண்டு சீட்டுகளுக்கு ஒரே பொருளையே சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஒரு செயலை அதில் வைக்காமல் விட்டதே பிழை.

ஆகவே, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள பண்டைய எகிப்தியரான ஆனியின் பாப்பிரஸ் சுருளில் வரும், இறந்தவரின் இதயத்தை உண்மையின் தெய்வமான மாஅத்தின் இறகுக்கு எதிரே நிறுக்கும் காட்சிக்கு மாறினேன். இதயத்தட்டுச் சீட்டு மனத்தின் சுமையையும், இறகுத்தட்டுச் சீட்டு நேர்மையான அளவுகோலையும், தராசைச் சரிபார்க்கும் தெய்வமான அனுபிஸ் இன்னும் ஆராய வேண்டியதையும், தீர்ப்பை எழுதும் தெய்வமான தோத் ஒப்புக்கொள்ள வேண்டியதையும் காட்டின.

சிக்கல் ஐந்தாம் இடத்தில்தான் எழுந்தது. முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்டு, தராசில் தேறாத இதயத்தை விழுங்கும் அம்மித்தை அங்கு வைத்ததும், ஒவ்வொரு வாசிப்பும் அச்சத்திலேயே முடிந்தது. இப்போது அச்சீட்டைக் கவிழ்த்தே வைக்கிறேன். தட்டுகளிலுள்ள இரு சீட்டுகளில் ஒன்று நேராகவும் மற்றது தலைகீழாகவும் விழுந்தால் மட்டும் திறக்கிறேன்.

இம்முறையைப் பழமையானது என்று நான் சொல்வதில்லை. டாரோ 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. அதன் எகிப்தியப் பூர்வீகம், எகிப்தின் ஹைரோகிளிஃப் பட எழுத்துகளைப் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் 1822இல் வாசித்துக் காட்டுவதற்கு முன்பே, 1781இல் பிரெஞ்சு எழுத்தாளர் கூர் டி ஜெபலன் எழுதிய கற்பனை.