பீட் காடுகளில் தீ: தழலைப் பார்த்துத் தண்ணீரை மறக்கும் தவறுகள்

வெப்பமண்டலப் பீட் காடு எரிவதைச் சாதாரணக் காட்டுத்தீயாக எண்ணுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன. சுமத்ரா, போர்னியோ, நியூகினி தீவுகளின் தாழ்நிலங்களில், ஆற்றுக்கும் ஆற்றுக்கும் இடையே நீர் தேங்கி நின்றதால், உதிர்ந்த இலையும் கிளையும் வேரும் முழுமையாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவானது பீட் மண். சில இடங்களில் அதன் ஆழம் 10 மீட்டரையும் தாண்டும். இயல்பான நிலையில் அதன் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர் என்பதால், அதன்மேல் நிற்கும் காடு எளிதில் தீப்பற்றுவதில்லை. அந்த நீரை வடித்துவிட்டாலோ, காட்டின் தரையே எரிபொருளாகிவிடுகிறது.

பெருந்தீ மூளும் ஆண்டுகளில் பழியை, பசிபிக் கடல் வெப்பமடைந்து இப்பகுதிக்கு வறட்சியைத் தரும் எல் நினோவின் மீது போட்டுவிட்டு நகர்வது அடுத்த தவறு. வறட்சி தீயைப் பெருக்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது யாருடைய வேலையின் மீது வந்து விழுகிறது என்பதைக் கேட்க வேண்டும். போர்னியோ தீவிலுள்ள இந்தோனேசிய மாகாணமான மத்திய கலிமந்தானில், அன்றைய அதிபர் சுஹார்த்தோவின் அரசு 1990களின் நடுவில் ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்கத் திட்டமிட்டு, 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான கால்வாய்களை வெட்டியது. அமிலத்தன்மை மிகுந்த அந்த மண்ணில் நெல் விளையவில்லை, திட்டம் கைவிடப்பட்டது, கால்வாய்கள் மட்டும் நீரை வடித்துக்கொண்டே இருந்தன. 1997இல் எல் நினோ வறட்சி வந்தபோது அப்பகுதி எரிந்த விதத்தைத் தற்செயலான பேரிடர் என்று நான் ஒருபோதும் அழைக்கமாட்டேன். அவ்வாண்டு இந்தோனேசியாவின் பீட் நிலங்களும் காடுகளும் எரிந்து வெளிவந்த கார்பன், உலகம் முழுவதும் புதைபடிவ எரிபொருள்களால் ஓராண்டில் வெளியாகும் அளவில் 13 முதல் 40 விழுக்காடு வரை இருக்கலாம் என்று 2002இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இவ்வளவு அகன்ற இடைவெளிக்கு முக்கியக் காரணம், எவ்வளவு பரப்பு எரிந்தது, எவ்வளவு ஆழம் எரிந்தது என்பதைத் துல்லியமாக அளப்பதில் இருந்த சிக்கல்.

ஆழம் என்ற இந்தச் சொல்லைத்தான் செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எரிந்த ஹெக்டேர்களை மட்டும் எண்ணுவது புல்வெளிக்குப் பொருந்தும், பீட் நிலத்துக்குப் பொருந்தாது. மேற்சொன்ன ஆய்வில், எரிந்த பீட் அடுக்கின் சராசரித் தடிமன் ஏறக்குறைய அரை மீட்டர். பீட் மண் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவிலேயே வளர்கிறது என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு பருவத்தில் எரிந்தது 250 முதல் 500 ஆண்டுகளின் சேமிப்பு. அதே நிலம் மறுபடி எரியும்போது காடு திரும்பும் வாய்ப்பும் குறைகிறது. வேர்களைப் பிடித்திருந்த மண் எரிந்ததும் மரங்கள் சாய்கின்றன, சாய்ந்தவை அடுத்த தீக்கு விறகாகின்றன, இரண்டு மூன்று முறை எரிந்தபின் பெரணியும் கோரையுமே மிஞ்சுகின்றன.

தீயணைப்பில் நேரும் தவறுகள் வேறு வகை. தழல் அடங்கினால் தீ அணைந்தது என்று கருதிவிடுகிறார்கள். பீட் மண்ணில் எரிவது நீறு பூத்த நெருப்பு; தழலின்றி, குறைந்த ஆக்சிஜனில், மணிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் அடியில் நகர்ந்து, வாரக்கணக்கில் தங்கி, எதிர்பாராத இடத்தில் மேலே வரும். ஹெலிகாப்டரிலிருந்து கொட்டும் நீர் மேற்பரப்புத் தழலை அடக்கலாம், உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அடுக்கைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அளவுக்கு மீறிக் காய்ந்த பீட் மண் நீரை உறிஞ்சாமல் விலக்கவும் செய்கிறது. அதனால்தான் களத்தில் இருப்பவர்கள் நீண்ட குழாய்முனையை மண்ணுக்குள் செலுத்தி, அது சேறாகும்வரை நீர் பாய்ச்சுகிறார்கள். செடிகொடிகளை மட்டும் அகற்றிய தீத்தடுப்புக் கோட்டையும் இந்தத் தீ அடியிலேயே கடந்துவிடும். செயற்கைக்கோள் காட்டும் வெப்பப் புள்ளிகள் குறைந்தன என்பதை வெற்றியாக அறிவிப்பதும் இதே பிழைதான், ஏனெனில் கனலும் தீயின் வெப்பம் குறைவு, அடர்ந்த புகையும் மேகமும் அதை மறைத்தும்விடும்.

அந்தப் புகையைச் சில நாள் தொல்லையாகக் கருதுவதும் தவறு. தழலின்றிக் கனலும்போது எரிதல் முழுமை பெறாததால் கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் மிகுதியாக வெளியாகி, நிலத்தை ஒட்டிப் படர்ந்து, சிங்கப்பூர், மலேசியா வரை புகைமூட்டமாகச் சென்றடைகின்றன. 2015இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தபோது, அந்நாட்டின் பொருளாதார இழப்பை உலக வங்கி 1,610 கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிட்டது.

தீக்குச்சியைக் கிழித்த கையைத் தேடுவதோடு விசாரணையை நிறுத்திக்கொள்வது எனக்கு மிகவும் உறுத்தும் தவறு. எரித்து நிலம் திருத்தும் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள், எரிக்கத் தூண்டும் நில வணிகமும் இருக்கிறது. இரண்டையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் பீட் நிலம் நடுவில் மேடாகவும் ஓரங்களில் தாழ்ந்தும் இருக்கும் ஒரே நீர்த்தொகுதி என்பதால், எண்ணெய் தரும் செம்பனைக்காகவோ காகிதக் கூழ் மரத்துக்காகவோ ஓரிடத்தில் வெட்டும் கால்வாய், எல்லைக்கு அப்பாலுள்ள சிற்றூரின் நிலத்தையும் உலர்த்திவிடும். அங்கே பற்றும் தீக்கு அந்த ஊர்க்காரரே பொறுப்பாக்கப்படுகிறார். இந்தோனேசியாவின் 2014, 2016 ஆண்டுகளின் அரசாணைகள் ஆறுகளுக்கு இடைப்பட்ட பீட் நிலத்தை ஒரே நீரியல் அலகாகக் கொண்டதும், நிலத்தடி நீர் மேற்பரப்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் அந்நிலம் சேதமடைந்தது என வரையறுத்ததும் இந்த வகையில் சரியான திசை. அந்த 40 சென்டிமீட்டரைப் பாதுகாப்பான எல்லை என்று வாசித்துவிடக் கூடாது: நீருக்கு மேலே நிற்கும் அடுக்கு தீ இல்லாமலேயே மட்கிக் கார்பனை வெளியிடும். வடிகால் வெட்டிய தோட்டங்களில் தொடக்க ஆண்டுகளின் பெரிய சரிவுக்குப் பிறகும் தரை ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் தாழ்வதற்குப் பெருமளவு இந்த மட்கலே காரணம்.

மறுசீரமைப்பில் காணும் தவறு, நீரை மீட்காமல் மரம் நடுவது. நாற்று நடும் விழாவைப் படம்பிடிக்க முடிகிறது. கால்வாய்க்குக் குறுக்கே மரக்கட்டையும் மண்ணும் கொண்டு அணை கட்டி, அது உடையாமல் ஆண்டுதோறும் பராமரிப்பதில் அப்படிக் காட்ட எதுவும் இல்லை. உலர்ந்த மண்ணில் நட்ட நாற்று அடுத்த வறட்சியில் எரிந்துபோகும். 2016இல் இந்தோனேசியா அமைத்த பீட் மறுசீரமைப்பு முகமை மீண்டும் நனைத்தல், மீண்டும் பசுமையாக்குதல், வாழ்வாதாரம் மீட்டல் என்ற வரிசையில் பணியை வகுத்தது. மூன்றாவதைத் தவிர்த்தால் முதலாவதும் நிலைக்காது, ஏனென்றால் படகு செல்லவும் பயிர் செய்யவும் வழியில்லாத ஊர் அந்த அணையைத் திறந்துவிடும். மாவு தரும் சாகோ பனை, பிசின்பால் தரும் ஜெலுதோங் மரம் போன்று ஈர மண்ணிலேயே வளர்பவை இங்கே பயன்படும், சந்தை அமையுமானால்.

எரியாத பீட் காட்டுக்குக் கவனம் தேவையில்லை என்று விடுவதும் உண்டு. காங்கோ படுகையின் நடுப்பகுதியில் சுமார் 1,45,500 சதுர கிலோமீட்டர் பீட் நிலம் இருப்பதும், அதில் சுமார் 3,000 கோடி டன் கார்பன் அடங்கியிருப்பதும் 2017இல்தான் வரைபடமாக வெளியாயின. பெரிய அளவில் வடிகால் வெட்டப்படாததால் அது இன்னும் நனைந்திருக்கிறது. 2022இல் காங்கோ ஜனநாயகக் குடியரசு எண்ணெய் எடுக்க ஏலம் விட முன்வந்த பகுதிகளில் சில இந்த நிலத்தின் மீது அமைந்திருந்தன. எண்ணெய்ப் பணிக்குச் சாலையும் அதன் இருபுறமும் வடிகாலும் வேண்டும். கலிமந்தானிலும் தீக்கு முன்பு வந்தவை கால்வாய்களே.