அடுப்பு எரிகிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்

மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை புரண்டு ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர்கள் தனித்தனியாகத் துண்டிக்கப்பட்டன. அந்த வாரம் எங்கள் பகுதி கல்யாண மண்டபத்தில் நிவாரணப் பொட்டலம் கட்டப் பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாமான் வாங்குவதற்கு முன்னால் அந்த ஊரில் யாரிடமாவது பேசுங்கள். ஆள் தெரியாவிட்டால் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. உங்கள் ஊரிலிருந்து அழைத்தால் அந்த மாவட்டத்தின் எஸ்டிடி எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும். அடுப்பு எரிகிறதா என்று முதலில் கேளுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது அரிசி, பருப்பு அனுப்பி என்ன பயன்? அப்போது வேண்டியது பிரெட், பிஸ்கட், அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஓஆர்எஸ், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொசுவத்தி. இருபது லிட்டர் கேனைத் தண்ணீருக்குள் யார் சுமப்பது?

தண்ணீர் வடிந்த பிறகுதான் மளிகைப் பொட்டலம். ஐந்து கிலோ புழுங்கலரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், சர்க்கரை, தேயிலை போதும். ஒரு அம்மா ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பையையும் பிடித்து நடக்க வேண்டியிருக்கும். பத்து கிலோவைத் தாண்டாதீர்கள். சேறு வாரத் துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் இந்தச் சமயத்தில் தங்கம். அவற்றைத் தனியாக ஏற்றுங்கள்.

இனி கட்டுவது. அரிசி அடியில், அதன்மேல் பருப்பு, சர்க்கரை. எண்ணெய் பாக்கெட்டைத் தனிக் கவரில் முடிச்சுப் போட்டு மேலே வையுங்கள். அரிசிக்கு அடியில் போனால் லாரி குலுக்கலில் உடைந்து எல்லாம் பாழ். சோப்பும் கொசுவத்தியும் உணவுப் பையில் கூடவே கூடாது. தேயிலை வாசனையை இழுத்துக்கொள்ளும், அரிசியும் அப்படித்தான். தீப்பெட்டிக்கு இரண்டு கவர். வெளிக் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை நன்றாக முறுக்கி, முறுக்கியதை மடித்து, அந்த மடிப்பின்மேல் சணலால் கட்டுங்கள். வெறும் முடிச்சைவிட இதில் தண்ணீர் எளிதில் ஏறாது.

ஆள் வரிசையும் முக்கியம். ஒருவர் ஒரு சாமானை மட்டும் போட்டு அடுத்தவரிடம் தள்ள வேண்டும். கடைசியில் ஒரு தராசு இருக்கட்டும். சரியான பொட்டலத்தின் எடை தெரிந்துவிட்டால், குறையும் பையில் என்ன விட்டுப்போனது என்று பிரிக்காமலே சொல்லிவிடலாம். எல்லாப் பையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையில் சர்க்கரை இருந்து தன் பையில் இல்லையென்றால், எல்லாம் இழந்து நிற்கிறவருக்கு அது எவ்வளவு வலிக்கும்!

பழைய துணி வாங்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்ததே, நினைவிருக்கிறதா? புது லுங்கி, நைட்டி, துண்டு, போர்வை, உள்ளாடை கொடுங்கள். நாப்கின் கட்டாயம் வேண்டும். பெரும்பாலும் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நாமாகத்தான் வைக்க வேண்டும்.

குழந்தைப் பால்பவுடரை எல்லாப் பையிலும் போடுவது நல்லெண்ணம்தான், ஆனால் ஆபத்து. அழுக்குத் தண்ணீரில் கலக்கினால் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அது தொடரட்டும்; அம்மாவுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தால் போதும். தாய்ப்பாலுக்கு வழியில்லாத பிள்ளை இருந்தால், அங்குள்ள செவிலியர் கேட்பதை மட்டும் அவரிடமே கொடுங்கள். மாத்திரைகளும் அப்படியே.

லாரியில் கடைசியாக இறக்கும் ஊரின் பைகளை முதலில் ஏற்றுங்கள். தண்ணீர் பாட்டில் கீழே, பிரெட் மேலே, எல்லாவற்றுக்கும் மேல் தார்ப்பாய். ஊருக்கு எத்தனை பை என்ற சீட்டு டிரைவரிடம் ஒன்றும் உங்களிடம் ஒன்றும் இருக்கட்டும். அப்புறம், பிரதான சாலையிலேயே முதல் கூட்டத்தைப் பார்த்து மொத்தத்தையும் இறக்கிவிடாமல், உள்ளே இருக்கும் தெரு வரை கொண்டுபோகக்கூடிய அந்த ஊர் ஆள் ஒருவரை வழியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.