வீட்டு லோன் நோட்டீஸ் வந்துடுச்சா? பூட்டு விழறதுக்குள்ள செய்ய வேண்டியது

முதல்ல அந்த கவரை பிரிங்க. சிரிக்காதீங்க, எங்க சித்தப்பா வீட்டுல மூணு கவர் பிரிக்காமலே சாமி படத்துக்கு பின்னாடி இருந்துச்சு. சித்தி ஒட்டடை அடிக்கும்போது தான் கீழ விழுந்துச்சு, தேதியை பார்த்தா 60 நாள்ல 51 நாள் போயிடுச்சு.

அந்த 60 நாள் என்னன்னா, இஎம்ஐ 90 நாளுக்கு மேல நின்னுட்டா அக்கவுண்ட் என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆயிடும், அப்புறம் 2002ல வந்த சர்ஃபேசி சட்டத்துல 13(2)ங்கிற பிரிவுல நோட்டீஸ் அனுப்பி 60 நாள்ல மொத்தத்தையும் கட்டுன்னு கேப்பாங்க. கோர்ட்ல கேஸ் போட்டு ஜெயிக்காமலே பேங்க் வீட்டை எடுக்க வழி விடுற சட்டம் இது, அதனால சம்மன் வரும் பாத்துக்கலாம்னு உட்காந்துடாதீங்க. விவசாய நிலத்துக்கு இது செல்லாது, பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த தொகைல 20 சதவீதத்துக்கு கீழ இருந்தாலும் செல்லாது, அதை முதல்ல செக் பண்ணுங்க.

அடுத்து பதில் எழுதணும். போன்ல மேனேஜர்கிட்ட அழுதது எந்த கணக்குலயும் வராது, எழுத்துல குடுத்தா தான் 15 நாளுக்குள்ள காரணத்தோட பதில் சொல்லணும்னு சட்டம் இருக்கு. கருணை காட்டுங்கன்னு நாலு பக்கம் வேண்டாம், கணக்கு எழுதுங்க. எந்த தேதில கட்டின பணம் ஸ்டேட்மென்ட்ல வரல, வேலை எப்போ போச்சு, இப்போ மாசம் எவ்ளோ முடியும், இவ்ளோ தான். நின்னுபோன தவணை எல்லாத்தையும் வட்டியோட கட்டினா அக்கவுண்ட் திரும்ப ரெகுலர் ஆகும், அது மட்டும் எவ்ளோன்னு தனியா கேளுங்க, மொத்த கடன் தொகையை பார்த்து மிரண்டு தான் பாதி பேர் கையை விட்டுடறாங்க. செட்டில்மென்ட் பேசினாலும் பேங்க் லெட்டர் கைக்கு வராம காசு கட்டாதீங்க. ஏஜென்ட் காலைல 8 மணிக்கு முன்னாடி, ராத்திரி 7க்கு மேல போன் பண்ணக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, மீறினா கால் லிஸ்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

60 நாள் முடிஞ்சா கேட்டுல பொசஷன் நோட்டீஸ், அதாவது வீட்டை எடுத்துக்கிட்டோம்ங்கிற நோட்டீஸ் ஒட்டுவாங்க, 7 நாளுக்குள்ள ரெண்டு நியூஸ்பேப்பர்லயும் போடுவாங்க, ஒண்ணு தமிழ் பேப்பர். அசிங்கமா தான் இருக்கும். ஆனா பெரும்பாலும் இது எழுத்தளவுல எடுக்கிறது தான், நீங்க உள்ள தான் இருப்பீங்க, கிழிச்சு போடாம போட்டோ எடுங்க ஏன்னா அங்கிருந்து டிஆர்டி, அதாவது கடன் வசூல் தீர்ப்பாயம் போக 45 நாள் தான். சென்னை, கோயம்புத்தூர், மதுரைல டிஆர்டி இருக்கு. சிவில் கோர்ட்ல ஸ்டே வாங்கித் தரேன்னு யாராவது ஃபீஸ் கேட்டா உஷார், அந்த கோர்ட்டு இதை எடுக்கக்கூடாதுன்னு அதே சட்டத்துல இருக்கு. வாடகைக்கு இருக்கிறவங்களும் அக்ரிமென்ட்டோட டிஆர்டி போகலாம்.

நீங்க காலி பண்ண மாட்டேன்னா பேங்க் ஆளுங்களே தூக்கி வெளிய போட முடியாது, மாஜிஸ்திரேட்டோ கலெக்டரோ ஆர்டர் போட்டு தான் போலீஸோட வரணும், வந்தா ஆர்டர் காப்பி கேளுங்க. சர்டிபிகேட், மாத்திரை, ஆதார், பசங்க புக்கு இதெல்லாம் முந்தியே வேற வீட்டுக்கு மாத்திடுங்க. உள்ள இருக்கிற சாமானுக்கு லிஸ்ட் எழுதுவாங்க, படிக்காம கையெழுத்து போடாதீங்க. சித்தி தையல் மெஷினை "பழைய இரும்பு சாமான் 1"ன்னு எழுதியிருந்தாங்க, மோட்டாரோட இருக்கிற மெஷின், நின்னு சண்டை போட்டு மாத்த வெச்சோம்.

நான் ரொம்ப அழுத்தி சொல்றது ஏலத்தை பத்தி. ஏலத்தன்னைக்கு காலைல பணத்தோட போனா வீட்டை மீட்டுடலாம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. 2016ல சட்டத்தை திருத்தினதுக்கு அப்புறம் ஏல நோட்டீஸ் வெளியாகிறதுக்கு முன்னாடி கட்டினா தான் உரிமை, சுப்ரீம் கோர்ட்டும் 2023ல அதையே சொல்லிடுச்சு. அதனால வேற வழி இல்லன்னு தெரிஞ்சா நீங்களே விக்கப் பாருங்க, ஏலத்துல போறதைவிட நல்ல ரேட் கிடைக்கும். 13(2) நோட்டீஸுக்கு அப்புறம் பேங்க் எழுத்துல சம்மதம் குடுக்காம விக்கக்கூடாது, கேட்டா குடுப்பாங்க பெரும்பாலும், வாங்கறவர் நேரா லோனுக்கு கட்டிட்டா அவங்களுக்கும் வேலை மிச்சம். சித்தப்பாவுக்கு ஆள் ரெடியா இருந்தாரு, "ஆடி போகட்டும்"னு இழுத்ததுல ஏல நோட்டீஸ் முந்திக்கிச்சு.

ஏலத்துல கம்மியா போனா மீதிக்கு உங்களை விடமாட்டாங்க. கூட போனா கடனும் செலவும் கழிச்சு மிச்சம் உங்க காசு, கணக்கு கேட்டு லெட்டர் குடுங்க. வீடே போச்சு இதையா கேக்கறதுன்னு சித்தப்பாவுக்கு கூச்சம், சித்தி தான் எழுதினாங்க. அஞ்சு மாசம் கழிச்சு வந்துச்சு, இப்போ இருக்கிற வாடகை வீட்டு அட்வான்ஸ் அதுல குடுத்தது தான்.