ஆன்டிவைரஸைக் கால் மணி நேரம் நிறுத்தி வைப்பது எப்படி?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பாப்புலியூரிலிருந்து சித்தப்பா போன். "புது லேப்டாப்புல டைப் அடிக்கிற சாப்ட்வேர் ஏற மாட்டேங்குதுடா. ஏத்தினா கேடயம் மாதிரி ஏதோ வந்து முழுங்கிடுது. வைரஸ் பாக்குறத நிறுத்திட்டா ஏறிடும்னு ஜெராக்ஸ் கடைப் பையன் சொல்றான். அத எப்படி நிறுத்துறது?"

"நீங்க எதையும் தொடாதீங்க சித்தப்பா, நான் வர்றேன்" என்று மஞ்சக்குப்பத்திலிருந்து வண்டியை எடுத்தேன். அண்ணா பாலம் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் அவரே ஏழெட்டு இடங்களில் கிளிக் செய்து பார்த்திருந்தார். அங்கே செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் அவ்வளவு பழக்கம் இல்லாதவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

தடுத்தது யார்?

"ஆன்டிவைரஸ் விடமாட்டேங்குது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குத் தடுத்தது ஆன்டிவைரஸே இல்லை. நீல நிறப் பெட்டி ஒன்றில் 'விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி' என்று வந்தால் அது ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற விண்டோஸின் இன்னொரு காவல். அதிகம் பேர் பயன்படுத்தாத மென்பொருள் என்றாலே அது ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் விடும். 'மோர் இன்ஃபோ' என்பதை அழுத்தினால் 'ரன் எனிவே' என்ற பட்டன் வரும். டவுன்லோட் ஆகும்போதே நின்றுவிட்டால் அது குரோம் பிரவுசர் செய்த வேலையாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் ஆன்டிவைரஸை நிறுத்திப் பயனில்லை. இணையத் தொடர்புகளைக் காவல் காக்கும் ஃபயர்வாலும் தனி. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

உண்மையில் தடுத்தது ஆன்டிவைரஸ்தானா என்று பார்க்க ஓர் இடம் இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து திறங்கள். உள்ளே 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', அதற்குள் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'. எந்த ஃபைலை, என்றைக்கு, என்ன பெயர் சொல்லிப் பிடித்தது என்பதெல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். சித்தப்பாவின் டைப் மென்பொருள் அங்கே மூன்று முறை மாட்டியிருந்தது. விடாமல் மூன்று முறை ஏற்றிப் பார்த்திருக்கிறார் மனிதர்.

அது ஏன் மாட்டியது?

சித்தப்பாவுக்குப் பத்திரம் எழுதுகிற தொழில். இருபது வருடமாக அதே மென்பொருள், அதே பழைய எழுத்துரு. அந்தக் காலத்துத் தமிழ் மென்பொருள்கள் பலவும் ஒரே மாதிரி வேலை செய்பவை: நாம் ஒரு கீயை அழுத்தியதும் அது வேர்டுக்குப் போய்ச் சேருமுன் நடுவில் மறித்து, தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்பும். பாஸ்வேர்டு திருடும் கீலாகர்களும் இப்படித்தான் நடுவில் நின்று கீகளைப் பிடிக்கின்றன. ஆன்டிவைரஸ் நடத்தையையும் பார்க்கும். ஒருவன் மதில் ஏறிக் குதித்தால் வீட்டுக்காரனா திருடனா என்று கேட்டுக்கொண்டா இருக்கும்? அதுவும் தயாரித்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத, பத்து வருடத்துக்கு மேல் அப்டேட் ஆகாத மென்பொருள் என்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

அதற்காகப் பிடிபட்டதெல்லாம் அப்பாவி என்று முடிவுகட்டக் கூடாது. ஃபைல் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். தயாரித்தவர்களின் தளத்திலிருந்தா, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதா? ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'புராபர்ட்டீஸ்' போனால், கையெழுத்து இருக்கும் ஃபைலுக்கு 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற தாவல் (டேப்) தெரியும். பிறகு வைரஸ்டோட்டல் தளத்தில் ஃபைலை ஏற்றிப் பாருங்கள். 2012 முதல் கூகுள் வசம் இருக்கும் இலவசத் தளம் அது. எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் காட்டிக் கேட்டுச் சொல்லும். பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் சிவப்புக் காட்டினால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு உண்டு. இருபது சிவப்பு வந்தால் பேச்சே இல்லை, அழித்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அங்கே ஏற்றுவதைப் பாதுகாப்பு நிறுவனங்கள் பார்க்க முடியும். ஆதார் நகல், பத்திர டிராஃப்ட் போன்ற சொந்த ஃபைல்களை ஏற்ற வேண்டாம்.

'நிறுவும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்று மென்பொருளோடு ஒரு குறிப்பு வந்து, அந்த மென்பொருளும் காசு கொடுத்து வாங்க வேண்டியதன் பூட்டை உடைத்த 'கிராக்' பதிப்பு என்றால், இந்தப் பதிவு உங்களுக்கு உதவாது. அதே மாதிரி, முன்பின் தெரியாதவர் போன் செய்து "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு நாங்க சொல்ற ஆப்பை ஏத்துங்க" என்றால் போனை வையுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

நிறுத்தும் முறை

பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருப்பது விண்டோஸோடு வரும் டிஃபெண்டர்தான். அதற்கான வழி இது.

1. வேண்டிய ஃபைலை முதலிலேயே முழுதாக டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அது ஏற்கெனவே பிடிபட்டிருந்தால், நிறுத்திய பின்னும் தானாகத் திரும்பி வராது. புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் அந்த வரியைத் திறந்து, 'ஆக்‌ஷன்ஸ்' என்பதில் 'ரீஸ்டோர்' கொடுத்தால்தான் பழைய இடத்துக்கு வரும். அதை நிறுத்திய பிறகு செய்துகொள்ளலாம்.

2. பேங்க் தளம், மெயில் என்று திறந்திருப்பதை மூடுங்கள். பென் டிரைவைக் கழற்றுங்கள். வைஃபையை அணையுங்கள். நிறுவும்போது இணையம் கட்டாயம் வேண்டும் என்று கேட்கும் மென்பொருளுக்கு மட்டும் விதிவிலக்கு.

3. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறங்கள். டைப் செய்து தேட வராதவர்கள் விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று போகலாம். விண்டோஸ் 10-இல் நடுப்படி 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி'. (விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் எதையும் நிறுத்துவதற்கு இரண்டு முறை யோசியுங்கள்.)

4. 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' உள்ளே போய்க் கொஞ்சம் கீழே இறங்கினால் 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்று நீல எழுத்தில் இருக்கும். அதை அழுத்துங்கள்.

5. முதலில் தெரிவது 'ரியல்-டைம் புரொடெக்‌ஷன்'. ஃபைல்களை வரவர உடனே சோதிக்கும் காவல் இதுதான். அந்தச் சுவிட்சைத் தட்டினால் திரை சற்று மங்கி, அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். 'யெஸ்' கொடுங்கள். நிறுத்தியாயிற்று. மூலையில் எச்சரிக்கை வரும், பயப்பட வேண்டாம், அது வரத்தான் வேண்டும்.

அதே பக்கத்தில் இன்னும் சில சுவிட்சுகள் இருக்கும். 'டேம்பர் புரொடெக்‌ஷன்' என்பது வேறு மென்பொருள்கள் உங்களுக்குத் தெரியாமல் இந்தச் சுவிட்சுகளில் கைவைக்காமல் காப்பது. அதை அணைக்கச் சொல்லி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சுவிட்ச் மங்கலாக இருந்து, 'அட்மினிஸ்ட்ரேட்டர்' நிர்வகிப்பதாக ஒரு வரி இருந்தால் அது பெரும்பாலும் ஆபீஸ் கொடுத்த லேப்டாப். அதில் குறுக்குவழி தேடாமல் ஆபீஸ் ஐடி ஆட்களிடமே கேளுங்கள்.

வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அப்போது மேலே சொன்ன பக்கத்தில் அந்த இன்னொன்றின் பெயர்தான் இருக்கும். புது லேப்டாப்போடு வந்த இலவச டிரையல் உள்ளே இருப்பதே பலருக்குத் தெரியாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய சின்ன அம்புக்குறியை அழுத்தினால் அதன் ஐகான் தெரியும். ரைட் கிளிக் செய்து பாருங்கள். அவாஸ்ட் என்றால் 10 நிமிடம், 1 மணி நேரம், ரீஸ்டார்ட் ஆகும் வரை, நிரந்தரமாக என்று நான்கு தேர்வுகள் வரும். குவிக் ஹீல், மெக்காஃபி போன்றவற்றிலும் நேரம் கேட்கும். எதில் கேட்டாலும் இருப்பதிலேயே குறைந்த நேரத்தைக் கொடுங்கள்.

இதில் எனக்கு அனுபவம் உண்டு. ஒருமுறை பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை ஏற்றுவதற்காக 'நிரந்தரமாக' என்பதை அழுத்தினேன். 'முடிஞ்சதும் போட்டுக்கலாம்' என்ற நினைப்பு. மூன்று வாரம் மறந்தே போனேன். அப்புறம் பாண்டியில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து பென் டிரைவைச் சொருகினால், கல்யாண ஆல்பம் ஃபோல்டர் ஒவ்வொன்றின் ஐகானிலும் ஒரு சின்ன அம்புக்குறி. எல்லாம் ஷார்ட்கட், ஒவ்வொன்றும் ஒரு கேபி. படங்கள் அழிந்துவிடவில்லை, வைரஸ் அவற்றை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். அது தெரிய வரும் வரை வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டிஃபெண்டரில் அந்தக் கவலை குறைவு. கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி ஆன் ஆகிவிடும். ரீஸ்டார்ட் செய்தாலும் ஆகிவிடும். சித்தப்பா வீட்டில் நாங்கள் சுவிட்சைத் தட்டிய இரண்டாவது நிமிடம் கரண்ட் போய், சார்ஜ் ஏறாமல் இருந்த லேப்டாப்பும் சேர்ந்து அணைந்தது. கரண்ட் வந்து திறந்தால் சுவிட்ச் ஆன். "பாத்தியா, இதுக்கும் பிடிக்கல" என்றார்.

நிறுத்தினால் மட்டும் போதுமா?

முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழும் இடம் இது. மறுபடி நிறுத்தினோம், மென்பொருளை ஏற்றினோம், திறந்தது, சித்தப்பா முகம் மலர்ந்தது. ஆன்டிவைரஸை ஆன் செய்தோம். அரை நிமிடம்கூட இல்லை, மென்பொருள் மறுபடி காணோம்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஏற்றும்போதே சந்தேகப்பட்ட ஒன்றை, ஏறி உட்கார்ந்த பிறகு மட்டும் ஆன்டிவைரஸ் விட்டுவிடுமா? சில டிரைவர்கள் நிறுவும் நேரத்தில் மட்டும் ஆன்டிவைரஸோடு முட்டிக்கொள்ளும். அவற்றுக்குத்தான் கால் மணி நேர நிறுத்தம் சரி. மென்பொருள் மேலேயே சந்தேகம் என்றால் விதிவிலக்குத்தான் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துவிட்டால் மொத்தமாக நிறுத்தவே தேவையிருக்காது. இதை முதலிலேயே செய்திருந்தால் சித்தப்பாவுக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

அதே 'மேனேஜ் செட்டிங்ஸ்' பக்கத்தின் அடியில் இந்த விதிவிலக்குக்கான 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று இருக்கும். 'ஆட் ஆர் ரிமூவ் எக்ஸ்க்ளூஷன்ஸ்' அழுத்தி, 'ஆட்' கொடுத்து, 'ஃபோல்டர்' தேர்ந்தெடுங்கள். இரண்டு ஃபோல்டர் போதும்: மென்பொருள் போய் உட்காரும் ஃபோல்டர், செட்டப் ஃபைலுக்கென்று புதிதாகத் திறந்த ஒரு ஃபோல்டர். இரண்டாவதை வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ சி டிரைவையோ முழுதாகக் கொடுத்தால் வாசல் கதவைக் கழற்றி வைத்த மாதிரி ஆகிவிடும். அந்த ஃபோல்டருக்குள் நாளைக்கு எது வந்து விழுந்தாலும் டிஃபெண்டர் எட்டிப் பார்க்காது.

முடிந்த பிறகு

சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு வைஃபை. பிறகு 'குவிக் ஸ்கேன்' ஒன்று.

நிஜமாகவே விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எய்கார் என்ற அமைப்பின் தளத்தில் ஒரு சோதனை ஃபைல் கிடைக்கும். வெறும் 68 எழுத்து, எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனாலும் உலகத்து ஆன்டிவைரஸ்கள் அதைக் கண்டால் வைரஸ் என்று கூச்சல் போடுவதாக ஏற்பாடு. டவுன்லோட் செய்து பாருங்கள். பிடித்துவிட்டால் எல்லாம் சரி. பேசாமல் இருந்தால் ஏதோ ஒன்று இன்னும் அணைந்தே இருக்கிறது.

சித்தப்பா வீட்டில் அது பாய்ந்து பிடித்தது. அவருடைய மென்பொருளும் இந்த முறை நிலைத்து நின்றது. கிளம்பும்போது, விண்டோஸிலேயே தமிழ் 99 கீபோர்டு இருக்கிறது, தனியாக எதையும் ஏற்ற வேண்டாம் என்று காட்டினேன். நாலு எழுத்து அடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கிட்ட இருக்கிற பத்திர மாதிரி எல்லாம் பழைய எழுத்துல கிடக்கே, அத யார் மாத்துறது?" என்று என்னையே பார்த்தார். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.