குவா ஷா: தோலை வழிக்கும் சீனச் சிகிச்சையைத் தோள்பட்டையில் செய்யும் முறை

சீன மொழியில் 'குவா' என்றால் வழித்தல் என்று பொருள். அப்படி வழிக்கும்போது தோலில் எழும் செந்நிறப் புள்ளிகளுக்கு 'ஷா' என்று பெயர். தமிழில் இதைத் தோல் சுரண்டும் சிகிச்சை என்று சொல்லிவிடலாம் என்றாலும், சுரண்டுதல் என்றதும் நகமும் கீறலும்தான் நினைவுக்கு வருகின்றன. கிரைண்டர் கல்லில் ஒட்டியிருக்கும் மாவை வழித்தெடுக்கும்போது கை எப்படிச் சாய்ந்து, அழுந்தி, ஒரே ஓட்டமாகப் போகிறதோ, அந்த அசைவுதான் குவா ஷா. அதை மனத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குபவர்களுக்குத் தோல் கீறிப்போகும் தவறு பெரும்பாலும் நேராது.

14-ஆம் நூற்றாண்டில், யுவான் வம்ச ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த வெய் யீலின் என்ற மருத்துவர், நார் நூலைத் தண்ணீரில் தோய்த்துக் கழுத்திலும் முழங்கையிலும் முழங்காலிலும் தேய்க்க வேண்டும் என்றும், தினை மணி போன்ற சிவந்த புள்ளிகள் தோலுக்குள் தெரிந்ததும் நோயாளியைப் போர்த்திவிட்டுக் கொஞ்சம் கஞ்சி கொடுக்க வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். கருவி மாறியிருக்கிறதே தவிர, சிகிச்சைக்குப் பின் உடலை மூடி வைப்பதும் சூடாக எதையாவது குடிப்பதும் இன்றுவரை மாறவில்லை. வியட்நாமில் இதற்கு இணையான முறையைக் 'காற்றை வழித்தல்' என்ற பொருளுள்ள பெயரால் அழைக்கிறார்கள். இந்தோனேசியாவில் நாணயத்தின் விளிம்பால் செய்து, 'கெரோகான்' என்கிறார்கள்.

எதற்குப் பயன்படுகிறது?

சீன மருத்துவம் இதைத் தேங்கி நின்ற ரத்தத்தையும் 'சி' எனப்படும் உயிராற்றலையும் ஓடவிடும் முறையாகப் பார்க்கிறது. நவீன மருத்துவத்தின் பார்வையில், தோலுக்கு அடியிலுள்ள மிக நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து சிறிதளவு ரத்தம் வெளியே கசிவதே அந்தப் புள்ளிகள்; அதை உடல் சில நாட்களில் உறிஞ்சிக்கொள்கிறது. 2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமான 11 பேரின் தோலில் சிகிச்சை முடிந்த முதல் ஏழரை நிமிடங்களுக்கு நுண் ரத்த ஓட்டம் நான்கு மடங்காக உயர்ந்திருந்தது. 2011-இல் ஜெர்மனியில் நாள்பட்ட கழுத்துவலி உள்ள 48 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் குவா ஷாவும் மற்றவர்களுக்குச் சூட்டு ஒத்தடமும் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு வாரம் கழித்துக் குவா ஷா செய்துகொண்டவர்களுக்கு வலி அதிகம் குறைந்திருந்தது. இவை சிறிய ஆய்வுகள் என்பதால், கழுத்து, தோள், மேல்முதுகு ஆகிய இடங்களில் தசை இறுகி வரும் வலிக்கு இது உதவக்கூடும் என்ற அளவோடு நான் நிறுத்திக்கொள்வேன். புற்றுநோயையோ சர்க்கரை நோயையோ இது குணமாக்கும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்ப வேண்டாம்.

யார் செய்துகொள்ளக் கூடாது?

செய்முறையைவிட இந்தப் பகுதியைத்தான் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறைவதில் குறைபாடு உள்ளவர்கள், தட்டணுக்கள் குறைந்திருப்பவர்கள் ஆகியோருக்குக் குவா ஷா கூடவே கூடாது. கர்ப்பிணிகளின் வயிற்றிலும் இடுப்பிலும் செய்யக் கூடாது. புண், சொறி, வெயிலில் வெந்த தோல், மச்சம், மரு, வெரிகோஸ் வெயின், அண்மையில் அறுவை சிகிச்சை நடந்த இடம் ஆகியவற்றின் மேல் கருவி படக் கூடாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்துப்போன கால்களிலும் வேண்டாம். அழுத்தம் மிகுந்துவிட்டதை அவர்களால் உணர்ந்து சொல்ல முடியாது.

சீனாவில் காய்ச்சலுக்கும் வெயில் தாக்கிய மயக்கத்திற்கும் குவா ஷா செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதைப் படித்துவிட்டு நம் ஊரில் காய்ச்சலுக்கு இதைச் செய்வது ஆபத்து. வந்திருப்பது டெங்குவாக இருந்தால், தட்டணுக்கள் சரியும் நாட்களில் தோலுக்கடியில் வேண்டுமென்றே ரத்தம் கசியவிட்டவர்களாவோம். டெங்குவில் தோன்றக்கூடிய செம்புள்ளிகளும் குவா ஷாப் புள்ளிகளும் ஒன்றுபோலவே தெரிவதால், மருத்துவருக்கும் குழப்பம் வரும். காய்ச்சலென்றால் ரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை.

தேவையானவை

வழவழப்பான, மழுங்கிய விளிம்புள்ள கருவி ஒன்று போதும். சீனாவில் எருமைக் கொம்பிலும் 'ஜேட்' எனப்படும் பச்சைக்கல்லிலும் செய்த தகடுகள் புழங்குகின்றன. வீடுகளில் பீங்கான் சூப் கரண்டியையே பயன்படுத்துவார்கள். தொடங்குபவர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் கொம்பைக் கொதிக்கும் நீரில் போட முடியாது. விளிம்பை உங்கள் கன்னத்தில் ஓட்டிப் பாருங்கள்; எங்காவது உறுத்தினால் அந்தக் கருவி வேண்டாம். நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய், ஒரு துண்டு, வெந்நீர் ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை

படி 1. செய்துகொள்பவர் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெறும் வயிறும் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, அதன் முதுகுப் பலகைமேல் கைகளை மடித்துச் சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள்.

படி 2. வலிக்கும் தோள்பட்டையில் உள்ளங்கையை ஒரு கணம் அழுத்தி எடுங்கள். வெளுத்த விரல் தடம் உடனே மறைந்தால் அங்கு தேக்கம் இல்லை என்றும், மெல்ல மறைந்தால் தேக்கம் இருக்கிறது, வழித்தால் ஷா எழும் என்றும் இத்துறையினர் கொள்வார்கள். மாநிறத் தோலில் இந்த வெளுப்பு எளிதில் தெரியாது என்பதால், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காரவைப்பது நல்லது.

படி 3. எண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். நான் கற்றுக்கொண்ட காலத்தில் எண்ணெயைச் சிக்கனமாகத் தடவி, நடுவில் அது காய்ந்து கருவி தோலைப் பிடித்து இழுக்க, என் தங்கையின் தோளில் ஒரு கோடு சிராய்த்து எரிந்தது. கருவி வழுக்காமல் தயங்கினால் அப்போதே நிறுத்தி மீண்டும் எண்ணெய் விட வேண்டும்.

படி 4. கருவியைத் தோலோடு 30 முதல் 45 பாகை வரை சாய்த்துப் பிடியுங்கள். செங்குத்தாக நிறுத்தினால் கீறும். பிடரியின் பக்கவாட்டுத் தசையிலிருந்து தொடங்கித் தோளின் முனை நோக்கி, சுமார் 10 செ.மீ. நீளத்திற்கு ஒரே திசையில் வழியுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது. முதுகெலும்பின் முடிச்சுகள்மேல் போகாமல் அதன் இரு ஓரத் தசைகளில் மேலிருந்து கீழாக வர வேண்டும். கழுத்தின் முன்பக்கத்தை, அங்கே மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் இருப்பதால், தொடவே வேண்டாம்.

படி 5. ஒரே தடத்தில் எட்டு முதல் பத்து முறை வழித்துவிட்டு அடுத்த தடத்திற்கு நகருங்கள். இறுகிய தோளாக இருந்தால் மூன்றாவது, நான்காவது இழுப்பிலேயே தோல் சிவக்கும். பிறகு ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு புள்ளிகள் தோன்றி, அடுத்தடுத்த இழுப்பில் வேர்க்குருபோல நெருங்கி நிறையும். கருவி போகும்போது சின்னச் சின்ன மணல்மேல் ஓடுவதுபோன்ற நறநறப்பு கையில் தட்டுப்படும். சீனத்தில் மணலைக் குறிக்கும் சொல்லும் 'ஷா' என்றே ஒலிப்பது எனக்குப் புரிந்தது அப்போதுதான். புதிய புள்ளிகள் எழுவது நின்றதும் அந்தத் தடம் முடிந்தது. சிவந்ததோடு நின்று புள்ளிகளே எழாவிட்டாலும் அதுவும் முடிந்ததுதான். புள்ளி வரவழைக்க வேண்டும் என்று அழுத்துவதே தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு. வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். மொத்தம் 10 நிமிடங்களுக்கு மேல் போக வேண்டாம்.

முடிந்த பிறகு

எண்ணெயைத் துடைத்து, துணியால் மூடி, வெந்நீர் குடிக்கக் கொடுங்கள். அன்று குளிர்ந்த நீரில் குளியலும் கடும் உடற்பயிற்சியும் வேண்டாம். இரண்டு முதல் ஐந்து நாட்களில் தடங்கள் மறையும். அவற்றைப் பற்றி வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் குடியேறிய வியட்நாமியக் குடும்பங்களின் குழந்தைகள் முதுகில் இத்தகைய கோடுகளைக் கண்ட மருத்துவர்கள், அடித்த தழும்பென்று பெற்றோரைச் சந்தேகித்தது உண்டு. தடங்கள் ஒரு வாரத்திற்கு மேலும் மறையாவிட்டாலோ, தொடாத இடங்களில் புள்ளிகள் தோன்றினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

தோல் கிழியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கருவியில் ஒட்டக்கூடும். ஹெபடைடிஸ் பி அப்படியும் பரவலாம். ஆகவே சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, 20 நிமிடங்கள் கொதிக்க வைத்தாலும்கூட, ஒருவருக்குப் பயன்படுத்திய கருவியை அவர் பெயர் எழுதித் தனியே வைப்பதே பாதுகாப்பு.

முந்தைய தடம் முழுவதும் மறையாமல் அதே இடத்தில் மறுபடி செய்யக் கூடாது. மறைந்த பின்னும், கருவியை எடுக்குமுன் உள்ளங்கையை மீண்டும் தோளில் அழுத்திப் பாருங்கள். விரல் தடம் சட்டென்று மறைந்துவிட்டால் அன்றைக்கு எண்ணெய் தடவி வெறும் கையால் நீவிவிட்டாலே போதும்.