அபராத மெசேஜும் ஏபிகேயும்

‘ஹெல்மெட் போடாததற்கு அபராதம்’ என்று புதுச்சேரி, கடலூர்க்காரர்களின் வாட்ஸ்அப்புக்கு லிங்க் வந்தால் நம்புவது சுலபம். இந்தத் தூண்டிலுக்குப் பெயர்தான் ஃபிஷிங்.

முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்பகுதியைப் பாருங்கள். இ-சலான் (ஆன்லைன் போக்குவரத்து அபராதச் சீட்டு) தளம் என்றால் அது ‘பரிவாகன் டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். அந்தப் பெயர் நடுவில் வந்து, கடைசியில் வேறொன்று இருந்தால் போலி. பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்பீர்கள்; அது வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டுமே சொல்லும். திருடனும் பூட்டு வாங்கலாம்!

லிங்குக்குப் பதில் ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல், வந்தால் இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். அந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கொடுத்தால் ஓடிபி நேராகத் திருடர்களுக்குப் போய்விடும். இப்படிக் கேடு செய்யும் ஆப்தான் மால்வேர். ஏற்கெனவே போட்டிருந்தால் நெட்டை அணைத்து, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.