10 லிட்டர் ஃப்ளஷ் டேங்கிலிருந்து 6/3 லிட்டருக்கு: வீட்டுக் கழிப்பறையை மாற்றும் முறை

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போனபோது, லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு காத்திருந்த சென்னை வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அப்படிச் சுமந்து வந்த தண்ணீரில் அரைக் குடத்துக்கும் மேல் ஒரே ஃப்ளஷில் போய்விடுகிறது என்பதைக் கவனித்த பிறகே கழிப்பறையை மாற்றும் எண்ணம் எங்களுக்கு வந்தது.

கணக்கு எளிமையானது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவர் நாளொன்றுக்கு 5 முறை ஃப்ளஷ் செய்தால், 10 லிட்டர் டேங்கில் 200 லிட்டர் செலவாகும். பெரிய பொத்தானில் 6 லிட்டரும் சிறிய பொத்தானில் 3 லிட்டரும் விடும் டூயல் ஃப்ளஷ் டேங்கில், ஒருவர் ஒரு முறை பெரியதையும் நான்கு முறை சிறியதையும் அழுத்தினால் 72 லிட்டர் போதும். நாளொன்றுக்கு 128 லிட்டர் மிச்சம். ஏறத்தாழ மூன்று மாதங்களில் 12,000 லிட்டர் லாரி ஒன்றின் தண்ணீர்.

படி 1: இப்போது எவ்வளவு செலவாகிறது என்று அளப்பது

டேங்கின் மூடியைத் திறந்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் உள்ள ஆங்கிள் காக்கை (டேங்குக்குத் தண்ணீர் விடும் சிறிய குழாய்த் திருகை) மூடிவிட்டு ஒரு முறை ஃப்ளஷ் செய்து, மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டேங்கின் உள்நீளம், உள்அகலம், மட்டம் இறங்கிய அளவு ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு கிடைக்கும். உதாரணமாக 38, 15, 17.5 என்றால் ஏறத்தாழ 10 லிட்டர்.

படி 2: பழைய கோப்பை 6 லிட்டரில் சுத்தமாகுமா என்று பார்ப்பது

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான். டேங்கும் கீழே உள்ள பீங்கான் கோப்பையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டிய ஜோடி. 10 லிட்டர் நீருக்கென்று வடிவமைத்த கோப்பையின் மேல் 6 லிட்டர் டேங்கை மட்டும் வைத்தால், கழிவு முழுதாக இறங்காமல் இரண்டாவது முறையும் அழுத்த நேரும். 10 லிட்டர் செலவான இடத்தில் 12 லிட்டர் போகும். எனவே எதையும் வாங்குவதற்கு முன்பு, கசக்கிய மெல்லிய காகிதத் துண்டுகள் சிலவற்றைக் கோப்பையில் போட்டு, பக்கெட்டில் சரியாக 6 லிட்டர் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் ஊற்றிப் பாருங்கள். நான்கைந்து முறையும் எல்லாம் இறங்கிவிட்டால், சுவரில் மாட்டும் 6/3 லிட்டர் டேங்கை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். தேங்கினால் கோப்பையையும் சேர்த்தே மாற்றுங்கள்; அதற்கான வேலைதான் படி 3 முதல் 5 வரை. செங்கல்லை டேங்குக்குள் போட்டு அளவைக் குறைக்கும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்; செங்கல் கரைந்து மண்துகள்கள் வாஷரில் சிக்கிக் கசிவை உண்டாக்கும்.

படி 3: அளவெடுத்து வாங்குவது

கழிவுக் குழாய் தரைக்குள் இறங்கினால் எஸ் டிராப், சுவருக்குள் நுழைந்தால் பி டிராப். எஸ் டிராப்பாக இருந்தால், டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரின் பரப்பிலிருந்து தரைக் குழாயின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். பி டிராப்பாக இருந்தால், தரையிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை உள்ள உயரத்தை அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் டைல்ஸின் கனத்தைக் கணக்கில் சேர்க்காமல் அளந்ததால், வாங்கி வந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. குழாய் வாய் கோப்பைக்கு அடியில் மறைந்திருந்தால், பழையதைக் கழற்றிய பிறகு அளந்து வாங்குவதே நல்லது. கோப்பை, டேங்க், மூடி மூன்றும் ஒரே தொகுப்பாக வரும் டூ பீஸ் வகை, முதன்முறை செய்பவர்களுக்கு ஏற்றது. கூடவே பான் கனெக்டர் (கோப்பையைக் கழிவுக் குழாயோடு இணைப்பது), புதிய கனெக்ஷன் பைப் (ஆங்கிள் காக்கிலிருந்து டேங்குக்குப் போகும் குழாய்), டெஃப்லான் டேப் (குழாய் மரையில் சுற்றும் நாடா), சிலிகான் ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: பழையதைக் கழற்றுவது

ஆங்கிள் காக்கை மூடி, டேங்கைக் காலி செய்து, கோப்பையில் தேங்கிய நீரைக் குவளையாலும் பழந்துணியாலும் எடுத்துவிடுங்கள். பிறகு கனெக்ஷன் பைப், டேங்க், தரை போல்ட்டுகள் என்ற வரிசையில் கழற்றுங்கள். கோப்பையைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் பூசியிருந்தால், சிறிய உளியால் மெதுவாகத் தட்டிப் பெயர்க்க வேண்டும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், ஏனெனில் உடைந்த பீங்கான் கத்தியைப் போல அறுக்கும். கோப்பையைத் தூக்கியவுடன், நூல் கட்டிய துணிச் சுருளால் குழாய் வாயை அடைத்துவிடுங்கள். துர்வாயு வராது, கருவிகளும் உள்ளே விழாது.

படி 5: புதியதைப் பொருத்துவது

கோப்பையை முதலில் எதுவும் ஒட்டாமல் இடத்தில் வைத்து, ரசமட்டம் பார்த்து, போல்ட் துளைகளின் இடத்தைத் தரையில் குறியுங்கள். டைல்ஸில் துளையிடும்போது டிரில்லின் சுத்தியல் விசையை நிறுத்திவைத்து, டைல்ஸை முழுதாகத் தாண்டிய பிறகே இயக்க வேண்டும். துளையிடும் இடத்துக்கு அடியில் குழாய் போகிறதா என்பதில் சந்தேகம் இருந்தால், அந்த வேலையைப் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள். துணியை எடுத்து, கனெக்டரைப் பொருத்தி, கோப்பையை அமர்த்தி, இரண்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரே பக்கமாக முறுக்கினால் பீங்கான் விரிசல் விடும். டேங்கின் அடியில் ரப்பர் கேஸ்கெட்டை வைத்து, அதையும் அதே நிதானத்தோடு இறுக்க வேண்டும். தரையோரத்தை வெள்ளை சிமெண்டால் நிரப்பாமல் சிலிகானால் பூசினால், அடுத்த முறை உடைக்காமல் கழற்ற முடியும். சிலிகான் காய 24 மணி நேரம் விடுங்கள்.

படி 6: அளவைச் சரிசெய்வது

தண்ணீரைத் திறந்து டேங்கை நிரப்புங்கள். நீர்மட்டம், உள்ளே குறித்துள்ள கோட்டில் நிற்கும்படி மிதவையின் திருகைத் திருப்ப வேண்டும்; கோடு இல்லாவிட்டால் நிரம்பி வழியும் குழாயின் வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நிறுத்தலாம். காகிதச் சோதனையை இரண்டு பொத்தான்களிலும் திரும்பச் செய்து, படி 1இல் சொன்னபடி மீண்டும் அளந்து பாருங்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அழுத்திக் காட்டிச் சொல்லுங்கள். பெரிய பொத்தானையே எல்லோரும் அழுத்தினால் மேலே சொன்ன கணக்கு பொய்த்துவிடும்.

படி 7: கசிவைச் சோதிப்பது

சிறிது கேசரிப் பவுடரை டேங்கு நீரில் கரைத்து, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பை நீரில் நிறம் தெரிந்தால் வால்வு ரப்பர் சரியாக அமரவில்லை என்று பொருள். நிமிடத்துக்கு வெறும் 100 மில்லி கசிந்தாலும் ஒரு நாளில் 144 லிட்டர் போய்விடும். நாம் மிச்சப்படுத்திய 128 லிட்டரையும் தாண்டி அது விழுங்கிவிடும். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் உப்பு படிந்து இந்த ரப்பர் சீக்கிரம் கெடுவதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவி மாட்டுங்கள். டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகளும் ரப்பரை அரிக்கும் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.